சிவக்கிறது, ஆனால் பற்றவில்லை: கேஸ் ஓவன் மக்கர் செய்யும்போது

கேஸ் வாடை பலமாக அடித்தால் கீழே உள்ள எதையும் செய்ய வேண்டாம். மெயின் வால்வை எட்ட முடிந்தால் மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்துவிடுங்கள். வாடை இல்லை, ஓவன் மட்டும் பற்றவில்லை என்றால் மேற்கொண்டு பார்க்கலாம்.

முதலில் உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆன் செய்ததும் 'டிக் டிக்' என்று பொறி பறக்கிறதா, சத்தமில்லாமல் பர்னருக்குப் பக்கத்தில் ஒரு கம்பி (இதுதான் தீ மூட்டும் இக்னைட்டர்) சிவக்கிறதா? இரண்டாவது வகையில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். "இக்னைட்டர் சிவக்குதே, அப்போ அது நல்லாத்தானே இருக்கு" என்று வால்வை மாற்றிவிடுகிறார்கள். வால்வு விலை போனதுதான் மிச்சம்.

இந்த வகையில் இக்னைட்டரும் கேஸ் வால்வும் ஒரே சுற்றில் தொடராக இணைந்திருக்கும். சிலிக்கான் கார்பைடு இக்னைட்டர் சூடேறச் சூடேற அதன் மின்தடை குறையும், கரண்ட் ஏறும். தேவையான அளவு கரண்ட் ஓடினால்தான் வால்வுக்குள் இருக்கும் இரட்டை உலோகப் பட்டை வளைந்து கேஸுக்கு வழிவிடும். இக்னைட்டர் பழசானால் சிவக்கும், ஆனால் கரண்ட் அந்த அளவை எட்டாது. கேஸை மூட்டத் தேவையான சூடு வராமல் கேஸ் வெளியே வந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. உண்மையில் நல்ல வடிவமைப்பு.

ஆன் செய்து கடிகாரத்தைப் பாருங்கள். 30 முதல் 90 விநாடிக்குள் பற்ற வேண்டும். அதைத் தாண்டினாலோ, தாமதமாக 'பொப்' என்ற சத்தத்தோடு பிடித்தாலோ இக்னைட்டர் தளர்ந்துவிட்டது. உறுதி செய்ய, ஒயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை இக்னைட்டரின் ஒரு ஒயரில் மட்டும் மாட்டிப் பாருங்கள். தட்டை வடிவ இக்னைட்டருக்குப் பொதுவாக 3.2 முதல் 3.6 ஆம்பியர், உருண்டை வகைக்கு 2.5 முதல் 3.0 ஆம்பியர் வர வேண்டும். குறைந்தால் இக்னைட்டரை மாற்றுங்கள். கரண்ட் சரியாக இருந்தும் கேஸ் வரவில்லை என்றால் அப்போது வால்வைச் சந்தேகிக்கலாம். வெறும் ஓம்ஸ் (மின்தடை) அளவை நம்ப வேண்டாம். இக்னைட்டர் அறுந்திருக்கிறதா இல்லையா என்பதைத்தான் அது சொல்லும்.

சிவக்கவே இல்லையா? கரண்ட் போய் வந்த பிறகு நேரம் செட் செய்யாமல் இயங்காத ஓவன்கள் உண்டு. லாக், டைமர் இரண்டையும் பாருங்கள். பிறகு பிளக்கைக் கழற்றி, இக்னைட்டர் ஒயரைப் பிரித்து, ஓம்ஸ் அளவில் இக்னைட்டரைச் சோதியுங்கள். அறுந்திருந்தால் மாற்ற வேண்டும். முழுசாக இருந்தால் கோளாறு கண்ட்ரோல் போர்டிலோ, தெர்மோஸ்டாட்டிலோ, ஒயரிலோ இருக்கலாம்.

மாற்றும் வேலை சுலபம்: பிளக், கேஸ் இரண்டையும் நிறுத்தி, தட்டுகளையும் ஓவனின் அடியில் உள்ள தகட்டையும் எடுத்தால் பெரும்பாலும் இரண்டே ஸ்க்ரூ. புதிய இக்னைட்டரின் சாம்பல் நிறப் பகுதியை விரலால் தொடாதீர்கள். லேசாக இடித்தாலே முறியும். ஒயர் முனைகளுக்கு உடன் வரும் பீங்கான் மூடிகளையே போடுங்கள், பிளாஸ்டிக் உருகிவிடும். தட்டைக்கு பதில் உருண்டை என்று மாற்றிப் போடக் கூடாது, வால்வு வேறு கரண்டுக்கு ஆனது. வால்வைச் சோதிக்கிறேன் என்று மெயின் கரண்டை நேராகக் கொடுத்தால், சுமார் 3 வோல்ட்டில் வேலை செய்யும் அது அங்கேயே கருகிவிடும்.

பொறி வகையில் தொல்லை வேறு. கழுவியபின் பொறி வரவில்லை என்றால் பெரும்பாலும் ஈரம்தான் காரணம், காய விடுங்கள். பொறி முனையைச் சுற்றியுள்ள பீங்கானில் விரிசல் இருந்தால் பொறி பர்னருக்குப் போகாமல் பக்கத்து உலோகத்தில் பாயும். விளக்கை அணைத்துப் பார்த்தால் அது கண்ணுக்கே தெரியும். பற்றிக்கொண்டு, குமிழை விட்டதும் அணைகிறதா? கோளாறு தெர்மோகப்பிளில், அதாவது தீ எரிகிறதா என்று சூட்டால் உணர்ந்து கேஸைத் திறந்து வைக்கும் முனையில். குமிழை 10, 15 விநாடி அழுத்திப் பிடித்துப் பாருங்கள். அப்படியும் அணைந்தால் அதன் நுனி தீக்குள் இருக்கிறதா, கரி படிந்திருக்கிறதா, மறுமுனை நட்டு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் சரியென்றால் தெர்மோகப்பிளையே மாற்ற வேண்டியதுதான்.

மேல் அடுப்பு எரிந்து ஓவன் மட்டும் எரியவில்லை என்றால், அடுப்புக்குள் இருக்கும் கேஸ் ரெகுலேட்டரில் ஓவனுக்கென்று தனி லீவர் இருக்கிறதா என்றும் பாருங்கள். சில மாடல்களில் இருக்கும். சுத்தம் செய்யும்போது கை பட்டு மூடிக்கொள்வதுண்டு.

இக்னைட்டர் மாற்ற கேஸ் இணைப்பு எதையும் அவிழ்க்க வேண்டியதில்லை. வால்வு மாற்றினால் மட்டும், ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவி, குமிழி வரவில்லை என்று பார்த்த பிறகே தீ மூட்டுங்கள்.