முடிவைச் சொல்லாமல் வரைபடத்தைக் கொடுங்கள்

பாலிடெக்னிக்கில் கட்டமைப்புப் பாடம் எடுக்கத் தொடங்கிய முதல் ஆண்டில், அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி ஹயாட் ரீஜென்சி ஹோட்டல் விபத்தைக் கதையாகவே சொன்னேன். 1981 ஜூலை 17 மாலை, ஹோட்டலின் முகப்புக் கூடத்தில் நடன விருந்து. நான்காம் தளத்தின் தொங்கு நடைபாதை அறுந்து, நேர் கீழே இருந்த இரண்டாம் தள நடைபாதையோடு சேர்ந்து கூட்டத்தின் மேல் விழுந்தது. 114 பேர் இறந்தார்கள். மாணவர்கள் அசையாமல் கேட்டார்கள். தேர்வில் காரணம் கேட்டபோது பெரும்பாலோர் எழுதியது ‘கவனக்குறைவு’ என்ற ஒரே சொல். ஒரு விடைத்தாளிலும் கணக்கு இல்லை. முடிவை முதலிலேயே சொல்லி, அவர்கள் யோசிக்க வேண்டியதை நானே பறித்துவிட்டேன்.

அடுத்த ஆண்டு ஊரும் பெயரும் சொல்லாமல் இரண்டு வரைபடங்களை மட்டும் கொடுத்தேன். முதலாவதில், கூரையிலிருந்து இறங்கும் ஒரே கம்பி இரண்டு நடைபாதைகளையும் தாங்குகிறது. அப்படிச் செய்ய, நான்காம் தள நட்டு ஏறுவதற்காக நீண்ட கம்பியில் திருகு மரை வெட்டியாக வேண்டும். இரண்டாவதில் கம்பி இரண்டாகப் பிரிகிறது: ஒன்று கூரையிலிருந்து மேல் நடைபாதைக்கு, மற்றொன்று மேல் நடைபாதையின் உத்திரத்திலிருந்து கீழ் நடைபாதைக்கு. எது செய்ய எளிது என்று கேட்டால், ஏறக்குறைய எல்லோரும் இரண்டாவதையே காட்டுவார்கள். காட்டட்டும், திருத்தாதீர்கள்.

பிறகு விசைப்படம், அதாவது ஒவ்வொரு பாகத்தின் மேலும் செயல்படும் விசைகளைக் காட்டும் படம், வரையச் சொல்லுங்கள். மாணவர்கள் முதலில் கம்பியைத்தான் பார்ப்பார்கள். மேல் கம்பிக்கு இரண்டிலும் ஒரே சுமை என்பதால் ‘வித்தியாசம் இல்லை சார்’ என்பார்கள். மேல் உத்திரத்துக்கு அடியில் இருக்கும் நட்டைத் தனியாக வரையச் சொல்லும்போதுதான் விஷயம் பிடிபடும். ஒரு நடைபாதையின் சுமையைத் தாங்கிய அந்த இடம் இப்போது இரண்டின் சுமையைத் தாங்குகிறது. புரியாதவர்களுக்கு இரண்டு துணிப்பைகள் போதும். ஒரே கயிற்றில் தனித்தனி முடிச்சில் மாட்டினால் ஒவ்வொரு பையின் காதும் தன் எடையை மட்டும் சுமக்கும். மேல் பையின் அடியில் கீழ்ப்பையைக் கட்டினால், மேல் பையின் காது இரண்டையும் சுமக்கும்.

இவ்வளவுக்குப் பிறகுதான் தேதியையும் இறந்தோர் எண்ணிக்கையையும், முதல் வரைபடம் அந்த ஹோட்டலின் முதல் வடிவமைப்பு, இரண்டாவது அதை மாற்றிக் கட்டியது என்பதையும் சொல்கிறேன். உடனே பழி முழுவதும் மாற்றம் செய்தவர்கள் மேல் போகும். அங்கே நிறுத்திவிடக் கூடாது. கட்டட விதி கேட்ட வலிமையில் முதல் வடிவமைப்பின் இணைப்பே சுமார் 60 சதவீதத்தைத்தான் தாங்கியிருக்கும். மாற்றிய பிறகு அது ஏறக்குறைய 30 ஆயிற்று. உத்திரம், இரண்டு சேனல்களை (‘ப’ வடிவ எஃகுத் துண்டுகளை) விளிம்போடு விளிம்பு பற்றவைத்த பெட்டி; அந்தப் பற்றவைப்பின் வழியாகவே துளை போட்டுக் கம்பியைச் செலுத்தியிருந்தார்கள். மாற்றிய வரைபடத்தில் பொறியாளர் முத்திரையும் இருந்தது. பின்னர் மிசௌரி மாநிலத்தில் பொறியாளர்கள் இருவர் உரிமம் இழந்தார்கள்.

இதற்கு இரண்டு முழுப் பாடவேளைகள் வேண்டும். பருவத்துக்கு ஒரு நிகழ்வு போதும் என்பது என் உறுதியான கருத்து. ஐந்து விபத்துகளை ஓட்டமாகச் சொன்னால் ஐந்தும் செய்தியாகவே தங்கிவிடும்.

தேர்வுக்கு இப்போது வேறொரு இணைப்பின் வரைபடத்தைக் கொடுத்து, மூலையில் ‘சரிபார்த்தவர்’ கட்டத்தை வெறுமையாக விடுகிறேன். சென்ற பருவத்தில் ஒரு மாணவி அதில் கையெழுத்திடவில்லை. ‘நட்டு தாங்கும் சுமைக்குக் கணக்கு இணைக்கப்படவில்லை’ என்று எழுதிக் கொடுத்தார். முழு மதிப்பெண் போட்டேன்.