அபிஷேகப்பட்டி ஜன்னல்

திருநெல்வேலி டவுனிலிருந்து தென்காசி ரோட்டில் பேட்டையைத் தாண்டினால் வீடுகள் குறையும். உடைமரமும் பனையும் செம்மண்ணுமாக நிலம் விரியும். அந்தப் பொட்டலில்தான் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஊர் அபிஷேகப்பட்டி. ஆனால் பஸ்ஸில் யாரும் அந்தப் பேரைச் சொல்லி டிக்கெட் கேட்பதில்லை, 'யுனிவர்சிட்டி' என்றால் போதும். அங்கே தேர்வுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பெரும்பாலான வருடங்கள் சான்றிதழ் மேஜையில்தான் கழிந்தன.

பாடம் நடத்துகிறவர்களுக்கு ஒரு பல்கலைக்கழகம் எப்படித் தெரியும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. எங்களுக்கு அது காகிதமாகத்தான் தெரியும். ஒருவருக்கு அரசு வேலை கிடைத்துவிட்டால் அவருடைய மார்க் ஷீட், டிகிரி நகல்கள் 'உண்மைத்தன்மை' கேட்டு அவர் துறையிலிருந்து எங்களுக்கு வரும். பழைய பதிவேட்டை எடுத்து, பதிவெண்ணைத் தேடி, மதிப்பெண்ணைக் கட்டம் கட்டமாக ஒப்பிட்டு, சரி என்று எழுதிக் கையெழுத்துக்கு வைக்க வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் தென்பாண்டி நாட்டின் கல்வி வரலாற்றை எனக்குச் சொல்லிக் கொடுத்தது அந்த அலுப்புதான்.

எங்களுடையது 1990-ல் பிறந்த பல்கலைக்கழகம். அதன் கீழ் வரும் கல்லூரிகளோ அதைவிட மிக மூத்தவை. பாளையங்கோட்டை தூய யோவான் கல்லூரி 1878, நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி 1893, சாரா தக்கர் 1895, தூய சவேரியார் 1923. பிள்ளைகள் தாத்தா வயதிலும் தாய் இளம் வயதிலும் இருக்கிற வினோதக் குடும்பம் இது. இந்தக் கல்லூரிகள் முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரீட்சை எழுதின. 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்ததும் நெல்லைச் சீமை அதன் கீழ் போனது. 1978-ல் அது காமராசர் பெயரைத் தாங்கியது. 1990-க்குப் பிறகுதான் எங்கள் முத்திரை. குமரி மாவட்டத்துக்கு இடையில் வேறு கதை ஒன்று உண்டு. 1937-ல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் வந்ததிலிருந்து, 1956 நவம்பர் 1-ல் அந்தப் பகுதி தமிழ்நாட்டோடு இணையும்வரை அங்கே பட்டம் கொடுத்தது திருவனந்தபுரம்.

அதனால் ஒரே கல்லூரியில், ஒருவேளை ஒரே பெஞ்சில், படித்த தாத்தாவுக்குச் சென்னை முத்திரை, அப்பாவுக்கு மதுரை முத்திரை, மகளுக்கு எங்கள் முத்திரை. இது புரியாமல் 1980-களில் படித்தவர்களின் சான்றிதழ் எங்களுக்கு வந்துகொண்டே இருக்கும். "அதே பாளையங்கோட்டை காலேஜ்தான ஸார், நீங்க பாத்துச் சொல்லக் கூடாதா?" என்று நேரிலும் வந்து கேட்பார்கள். காலேஜ் அதேதான் அண்ணாச்சி, ஆனால் ரிஜிஸ்டர் மதுரையில் இருக்கிறது என்று சொல்லி அனுப்புவோம்.

சின்னப் பல்கலைக்கழகங்கள் எதற்கு, தரவரிசைப் பட்டியலில் எங்கே இருக்கின்றன என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் உள்ள பதில் இந்த ரிஜிஸ்டர்தான். நாகர்கோவிலிலிருந்து சென்னை எழுநூறு கிலோமீட்டர். மதுரை இருநூற்று நாற்பது. திருநெல்வேலி எண்பது. பெயரில் ஓர் எழுத்து தப்பியிருந்தால் அதைத் திருத்த ஒரு காலத்தில் ரயிலில் ராத்தூக்கம் கெட்டுப் போக வேண்டியிருந்தது. பிறகு ஒரு முழுநாள் ஆயிற்று. இன்று காலையில் புளிச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பினால் மத்தியானம் வேலையை முடித்து விளக்கு வைக்கும் முன் வீடு திரும்பலாம். பெண் பிள்ளையைத் தனியாக வெளியூர் அனுப்பத் தயங்குகிற வீடுகளில், இந்த எண்பதுக்கும் இருநூற்று நாற்பதுக்கும் உள்ள வித்தியாசம்தான் அவள் மேலே படிப்பாளா மாட்டாளா என்பதையே முடிவு செய்தது. ஆராய்ச்சிக் கட்டுரைகளின் எண்ணிக்கையில் இது தெரியாது.

பெயர் வைத்தவர்கள் நன்றாக யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். பெ. சுந்தரம் பிள்ளை 1855-ல் ஆலப்புழையில் பிறந்தவர், திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். ஆனால் அவருடைய ஞானாசிரியர் எங்கள் பக்கத்து ஆள், தாமிரபரணிக் கரைக் கோடகநல்லூரைச் சேர்ந்த சுந்தர சுவாமிகள். மனோன்மணியம் நாடகத்தில் வரும் சுந்தர முனிவர் அந்தக் குருவுக்குச் செலுத்திய மரியாதை என்பார்கள். நாடகம் அச்சானது 1891-ல். ஆறு வருடத்தில் ஆசிரியரும் போய்விட்டார். அதன் முகப்பில் உள்ள வாழ்த்திலிருந்துதான் 1970-ல் 'நீராருங் கடலுடுத்த' தமிழ்த்தாய் வாழ்த்தானது. மற்ற இடங்களில் அது அரசு விழாவின் தொடக்கப் பாட்டு. எங்கள் வளாகத்தில் அது வீட்டுப் பெரியவர் எழுதிய பாட்டு. இன்று அங்கே படிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் நாடகத்தைப் புரட்டியிருப்பார்கள் என்று கேட்காதீர்கள், நானே ஓய்வு பெற்ற பிறகுதான் முழுதாகப் படித்தேன்.

வளாகம் என்று பார்த்தால் கட்டடங்களைவிட இடைவெளிதான் அதிகம். ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு வெயிலில் நடந்து போவதற்குள் சொல்ல வந்தது மறந்துவிடும். குற்றவியல் துறைக்கு வடமாநிலப் பிள்ளைகள்கூட வந்து படித்ததுண்டு. சில பிரிவுகள் வளாகத்திலேயே கிடையாது. கடல்சார் ஆய்வு மையம் குமரி மாவட்டம் ராஜாக்கமங்கலத்தில் கடலோரம் இருக்கிறது. சுற்றுச்சூழல் மையம் பொதிகை மலை அடிவாரத்தில், ஆழ்வார்குறிச்சியில். கடலைப் படிக்கக் கடலுக்கும் காட்டைப் படிக்க மலைக்கும் பக்கத்தில் போய் உட்கார்ந்தது ரொம்பச் சரியான காரியம்.

ஆனி, ஆடியில் மேல்காற்று ஆரம்பித்துவிடும். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் எங்களுக்கு இங்கே மழை கிடையாது, காற்று மட்டும்தான். மலை மழையைத் தன் பக்கத்திலேயே இறக்கிவிட்டுக் காற்றை மட்டும் இந்தப் பக்கம் அனுப்பும். ஜன்னலைத் திறந்தால் காகிதம் பறக்கும், மூடினால் மூச்சு முட்டும். ஸ்டேப்ளர், பஞ்சிங் மெஷின், டிபன் டப்பா என்று கனமானதெல்லாம் அந்த மாதங்களில் பேப்பர் வெயிட் ஆகிவிடும். சாயந்தரம் கடைசி பஸ் போனபின் ஹாஸ்டல் பிள்ளைகளும் மயில்களும்தான் மிச்சம்.

நவம்பர், ஏப்ரல் பரீட்சை முடிந்துவிட்டால் எங்கள் பிரிவு வேறு ஊராகிவிடும். நான்கு பக்கமிருந்தும் விடைத்தாள் கட்டுகள் வந்து இறங்கும். பதிவெண்ணை மறைத்து டம்மி நம்பர் போட வேண்டும். யார் எழுதியது, எந்தக் கல்லூரி என்று திருத்துகிறவருக்குத் தெரியக் கூடாது. மதிப்பீட்டு முகாமுக்கு வரும் பேராசிரியர்களில் பலர் ஒருவருக்கொருவர் பழைய மாணவர்கள். நரைத்த தலை ஒன்று இன்னொரு நரைத்த தலையைப் பார்த்து "ஸார்" என்று எழுந்து நிற்கும். முகாம் டீ இடைவேளையில்தான் மூன்று மாவட்டத்துக் கல்யாணமும் பேசி முடியும். 2019-ல் தென்காசி தனி மாவட்டமானதும் அது நான்கு மாவட்டமாயிற்று, கல்யாணப் பேச்சு மட்டும் அப்படியே.

ஜன்னலுக்கு வெளியே நிற்கும் கூட்டம் சென்னையில் போடும் ஒவ்வொரு உத்தரவுக்கும் மாறும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை என்று 2010-ல் சட்டம் வந்தது. அதுவரை யாரும் கேட்டிராத சான்று ஒன்றை எல்லாரும் கேட்டார்கள், 'இவர் தமிழ் வழியில் பயின்றார்' என்று. தமிழில் பரீட்சை எழுதியதைக் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்ன பிள்ளைகள் முதல் தடவையாக அதை உரக்கச் சொல்லி வரிசையில் நின்றார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது, அரியருக்குக் கட்டணம் கட்டியிருந்தாலே பாஸ் என்று அறிவிப்பு வந்தது. எங்கள் தொலைபேசி அன்று ஓயவில்லை. விஷயம் நீதிமன்றத்துக்குப் போய், பரீட்சை வைக்காமல் முடியாது என்றானபின் அதே தொலைபேசி வேறு குரலில் அழைத்தது.

முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கத்திலிருந்து வரும் அம்மாக்களைப் பார்த்தவுடன் தெரியும். பீடி சுற்றிச் சுற்றி விரல் நுனிகள் ஒரு மாதிரி வழுவழுப்பாகியிருக்கும், ஸ்டாம்பு பேடில் பெருவிரலை வைத்தால் ரேகை சரியாக விழாது. மகளுக்குப் பட்டச் சான்றிதழ் வாங்க அதிகாரக் கடிதத்தோடு வருவார்கள், மகள் எங்கேயோ வேலைக்குப் போயிருப்பாள். உறையைப் பிரித்து, "எம் பேரு எதுல போட்டிருக்கு, காட்டுங்க ஸார்" என்பார்கள். பட்டச் சான்றிதழில் அம்மா பேருக்கு இடமில்லை என்று அவர்களிடம் சொல்வது எனக்கு எப்போதும் கடினமாகவே இருந்தது. மகள் பேரைக் காட்டுவேன். அதிலேயே திருப்தியாகிப் போய்விடுவார்கள்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கமெல்லாம் வீட்டுக்குள் ஆறு ஓடியது. பரீட்சைகள் தள்ளிப் போயின. அதன் பிறகு வந்தவர்கள் கையில் பிளாஸ்டிக் பை, அதற்குள் அப்பளம் போல் ஒட்டிப்போன மார்க் ஷீட்டுகள். லேமினேஷன் செய்தால் பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். ஓரத்தில் சின்னக் கீறல் இருந்தால் போதும், தண்ணீர் உள்ளே புகுந்து வெளியேற வழியின்றி மையைக் கரைத்துவிடும். லேமினேட் செய்யாமல் சும்மா கிடந்த காகிதத்தை நிழலில் உலர்த்தி எண்ணைப் படிக்க முடிந்தது. பதிவெண் மட்டும் தெரிந்தால் மீதியை நாங்கள் எடுத்துவிடலாம். படிக்க முடியாதவர்களிடம் வருடத்தையும் பாடத்தையும் கேட்டுப் பட்டியலில் பெயர் தேட வேண்டும். ஒரே வகுப்பில் நான்கு முத்துலெட்சுமி இருப்பார்கள். அப்பா பேர், அப்புறம் துணைப் பாடம் என்று சலித்துச் சலித்துத்தான் சரியான முத்துலெட்சுமியைக் கண்டுபிடிப்போம்.

இப்போது பலதும் இணையத்தில் வந்துவிட்டது. டிஜிலாக்கரில் மார்க் ஷீட் கிடைக்கிறது, ஜன்னலில் கூட்டமும் குறைந்திருக்கிறது. அது நல்லதுதான், யாரும் வெயிலில் நிற்கப் பிறந்தவர்கள் அல்ல. ஆனாலும் சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் எனக்குப் போன் போடுவது நிற்கவில்லை. சான்றிதழ் தொலைந்துவிட்டது, என்ன செய்ய? போலீஸில் புகார் கொடு, கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதி வாங்கு, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பேர் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள் என்பேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பேன், படித்தது தொண்ணூறுக்கு முன்னாலா பின்னாலா என்று. பின்னால் என்றால் பேட்டை தாண்டினால் போதும். முன்னால் என்றால் மதுரைக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.