எதில் 90 சதவீதம்? சிஎஸ் புரொஃபஷனல் ஆறாவது பேப்பரில் நான் விழுந்த இடம்

நேற்று சிஎஸ் (கம்பெனி செக்ரட்டரி) புரொஃபஷனல் தேர்வின் ரிசல்ட். போன முறை 38 வாங்கிய ஆறாவது பேப்பரில் இப்போது 61. ரீஸ்ட்ரக்சரிங் (கம்பெனி மறுசீரமைப்பு), வேல்யுவேஷன் (மதிப்பீடு), இன்சால்வன்சி (திவால்) மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிய அதே பேப்பர்தான். மூன்று பேப்பர் சேர்ந்த குரூப்பில் மொத்தம் 300க்கு 162. பிரமாதமில்லை, போதும்.

போன முறையும் மொத்தம் 150ஐத் தாண்டியிருந்தேன். ஒரு பேப்பரில் 40 வராததால் குரூப்பே போனது. அந்த இரண்டு மார்க்கை எங்கே தொலைத்தேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

கேள்வி இது: இரண்டு சிறு கம்பெனிகள் கம்பெனிச் சட்டம் பிரிவு 233 வழியாக, அதாவது என்சிஎல்டி (தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம்) பக்கம் போகாமல், இணைகின்றன. மொத்தம் 10 லட்சம் பங்குகள். கூட்டத்துக்கு வந்தவர்கள் கையில் இருப்பது 6 லட்சம். வந்த அத்தனை பேரும் ஆதரவு. தீர்மானம் செல்லுமா?

செல்லும் என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். நூற்றுக்கு நூறு ஆதரவு, 90தானே வேண்டும்! போதாததற்கு மிஹிர் மஃபத்லால் வழக்கை வேறு இழுத்து, பங்குதாரர்களின் வணிக முடிவின் மேல் நீதிமன்றம் மேல்முறையீடு கேட்பது போல உட்காராது என்று அலங்காரம். வெளியே வந்து பேர் ஆக்டை (உரை இல்லாத வெறும் சட்டப் புத்தகம்) புரட்டியதும் வயிற்றைக் கலக்கியது. 233 கேட்பது மொத்தப் பங்குகளில் 90 சதவீதம். 9 லட்சம் வேண்டும். வாக்களித்தவர்களை வைத்துக் கணக்குப் பார்ப்பது தீர்ப்பாயம் வழியாகப் போகும் பிரிவு 230க்கு. அங்கே மதிப்பில் முக்கால் பங்கு, தலைக்கணக்கிலும் பெரும்பான்மை.

அப்புறம் ஒரு மாதம் புத்தகத்தைத் தொடவில்லை.

சென்னையில் நான் ஜூனியராக இருக்கும் அலுவலகத்துக்கு அப்போது ஒரு கம்பெனி வாங்கும் வேலை வந்திருந்தது. எம் அண்ட் ஏ (கம்பெனிகளை இணைப்பது, வாங்குவது) வக்கீல் என்றால் கோட் சூட்டில் போய்ப் பேரம் பேசுபவர் என்று எங்கள் ஊரில் நினைக்கிறார்கள். ஆரம்ப வருடங்களில் டேட்டா ரூமை (விற்கும் கம்பெனியின் ஆவணங்கள் இருக்கும் ஆன்லைன் பெட்டகம்) திறந்துவைத்துக்கொண்டு பிடிஎஃப் படிப்பதுதான் வேலை. ஒரு கடன் ஒப்பந்தத்தில், புரமோட்டர் (கம்பெனியைக் கட்டுப்படுத்தும் முதலாளி) பங்கு 51 சதவீதத்துக்குக் கீழே போனால் வங்கியின் சம்மதம் வேண்டும் என்று இருந்தது. புரமோட்டரிடம் 100க்கு 52 (எண்களை மாற்றியிருக்கிறேன்). 'பிரச்சினை இல்லை' என்று குறித்து அனுப்பினேன். சீனியர் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எதுல 51?"

ஒப்பந்தத்தின் சொல் விளக்கப் பக்கத்தைப் பார்த்தால், மாற்றத்தக்க பங்குகள் எல்லாம் ஈக்விட்டியாக மாறிவிட்டதாக வைத்துக்கொண்டு கணக்கிட வேண்டும் என்று இருக்கிறது. முதலீட்டாளர் கையில் மாறப்போகும் முன்னுரிமைப் பங்குகள் 10. இப்போது 110க்கு 52. அதாவது 47 சதவீதம் சொச்சம்.

அன்று இரவே ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் இரண்டு கட்டம் போட்டேன். இடதில் எண், வலதில் 'எதில்?'. பீரோ கதவில் ஒட்டினேன். அதில் இருந்தவை சில:

- 230(9), கடன் கொடுத்தவர்கள் கூட்டத்தைத் தவிர்க்க 90: கடன் மதிப்பில், பிரமாணப் பத்திரத்தோடு.
- செபி (பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பு) டேக்ஓவர் விதிகளில், ஓப்பன் ஆஃபரைக் கட்டாயமாக்கும் 25: வாக்குரிமையில்.
- ஓப்பன் ஆஃபர் (மற்ற பங்குதாரர்களிடம் வாங்க முன்வருவது) 26: கம்பெனியின் மொத்தப் பங்குகளில். மற்றவர்கள் கையில் மீதியிருப்பதில் அல்ல.
- 25ஐத் தாண்டியவர் ஓப்பன் ஆஃபர் இல்லாமல் வருடத்துக்கு வாங்கக்கூடிய 5: நிதியாண்டில் வாங்கியது மட்டும். நடுவில் விற்றதைக் கழிக்கக் கூடாது.
- போட்டி ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டிய வரம்பு 2,000 கோடி: டீலின் மதிப்பு. 2024 செப்டம்பர் 10 முதல். பழைய நோட்ஸில் இருக்காது.

பாஸானதற்குக் காரணம் இந்தத் தாள்தான் என்பேன். நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

மற்றவை, வேகமாக:

தேதிகளுக்கு ஒரு கோடு கிழியுங்கள். அப்பாயின்டட் டேட் (இணைப்பு எந்த நாளிலிருந்து என்று ஸ்கீமில் குறிக்கும் தேதி), ஆர்டர் தேதி, அது ரெஜிஸ்ட்ராரிடம் பதிவாகும் தேதி. ஸ்கீம் (இணைப்புத் திட்டம்) கேள்வி எதுவானாலும் விடைத்தாளில் முதலில் இந்தக் கோடு.

வழக்குகள் பத்து போதும். நான் நாற்பது மனப்பாடம் செய்து முதல் முறை கோட்டை விட்டவன். ஹிந்துஸ்தான் லீவர் (2003) மட்டும் விடாதீர்கள். இணைப்புக்கு ஒப்புதல் தரும் ஆணைக்கும் முத்திரைத் தீர்வை உண்டு என்ற தீர்ப்பு. போன மாதம் நான் போன ஒரு இன்டர்வியூவில் அரை மணி நேரம் இதைத்தான் குடைந்தார்கள். டீலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வேல்யுவேஷன் கணக்கை வாசித்தால் வராது, போட்டால்தான் வரும். எனக்கு அது கடைசி வரை வரவில்லை. அதில் என்னிடம் யோசனை கேட்காதீர்கள்.

கூட்டமாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. இரவு பத்திலிருந்து ஒரு மணி வரை, தனியாக, கையால் எழுதித்தான் படித்தேன். காலையில் எழுந்து படிப்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

கேள்வித்தாளை வாசிக்கக் கொடுக்கும் 15 நிமிடத்தில் எந்தக் கேள்வியை விடுவது என்று நான் யோசிக்கவில்லை. சதவீதம் வரும் இடங்களை மட்டும் கண்ணால் தேடினேன். இந்த முறை மூன்று இருந்தன.