லாத்வியக் கச்சை நெசவு: நான்காம் வாரம், 38 சென்டிமீட்டர்

லாத்வியப் பெண்களின் மரபுடையை முழுவதுமாகச் செய்து பார்க்கும் துணிவு எனக்கு இல்லை. கம்பளிப் பாவாடை, தோளில் போர்த்தும் ‘வில்லைனே’, அதைப் பிணைக்கும் ‘சக்தா’ என்ற வெள்ளி வட்டப் பதக்கம் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு, தவ்கவா ஆற்றங்கரை ஊரான லியெல்வார்டேயின் பெயரால் அறியப்படும் சிவப்பு வெள்ளை இடுப்புக் கச்சையை மட்டும் நெய்யத் தொடங்கினேன்.

தறி எதுவும் பெரிதாகத் தேவைப்படவில்லை. பாவின், அதாவது நீளவாக்கில் ஓடும் இழைகளின், ஒரு முனையைக் கதவின் கைப்பிடியிலும் மறுமுனையை என் இடுப்பிலும் கட்டிக்கொண்டேன். ஒரு சிவப்புக் கம்பளி இழைக்கு இரண்டு மெல்லிய வெள்ளை லினன் இழைகள் என்பது கணக்கு. வெள்ளை தரையாகிறது, சிவப்பு கோலமாகிறது. முதல் வாரம் 16 சிவப்பு இழைகளைப் பாவோட்டி, ஒரு மாலை முழுவதையும் வீணாக்கினேன். கோலத்தில் வரும் சாய்சதுரத்தின் கூர்முனை ஒற்றை இழையில் வந்து முடிய வேண்டும் என்பதால், சிவப்பு இழைகள் ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டுமாம். அனைத்தையும் அவிழ்த்து 17 இழைகளுடன் மீண்டும் தொடங்கினேன்.

இப்போது நெய்துகொண்டிருப்பது ‘அவுசெக்லிஸ்’ என்னும் எட்டுமுனை விடிவெள்ளி. கையை எடுக்காமல் ஒரே கோட்டில் வரையக்கூடிய இந்த வடிவம், இரவில் தீய ஆவிகளை விலக்கும் என்று நம்பப்பட்டது. 1980களின் பிற்பகுதியில் எழுந்த லாத்விய விடுதலை எழுச்சியின் சின்னமாகவும் அது விளங்கியது. வரையும்போது ஒரே கோடாக வருவது நெசவில் வரிவரியாகச் சிதறிவிடுகிறது. ஒவ்வொரு வரியிலும் மேலே வர வேண்டிய சிவப்பு இழைகளை விரலால் தூக்கி, வேண்டாதவற்றைக் கீழே தள்ள வேண்டியிருப்பதால், ஓர் இழை தவறினாலும் நட்சத்திரம் முடமாகிவிடும். நேற்று அப்படி மூன்று வரிகளைப் பிரித்தேன்.

அவுசெக்லிஸ் போன்ற கோலக் குறிகளுக்கு இன்று வழங்கும் பெயர்களையும் பொருள்களையும் முறைப்படுத்தியதில் 1920களில் எழுதிய ஓவியர் எர்னெஸ்ட்ஸ் பிராஸ்டின்ஷுக்குப் பெரும் பங்குண்டு. எனவே, ஒவ்வொரு பழைய கச்சையையும் நெய்தவள் இதே பொருளை எண்ணித்தான் நெய்தாள் என்று கொள்ள எனக்குத் தயக்கமாக இருக்கிறது. மரபுடையில் தலையில் அணிவது உணர்த்தும் செய்தியில் அத்தகைய ஐயம் எழவில்லை: மணமாகாதவள் ‘வைநாக்ஸ்’ என்னும் முடிவளையம் அணிவாள், திருமணச் சடங்கில் அது எடுக்கப்பட்டு, மணமானவளுக்குரிய தலைத்துணி கட்டப்படும்.

அடுத்தது ‘யூமிஸ்’, விளைச்சலுக்குரிய இரட்டைக் கதிர். அதன் வளைந்த நுனிகளுக்கு 17 இழைகள் போதுமா என்று கட்டத்தாளில் வரைந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.