பாடகியின் நிறையும் பசியும்

யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுக் கற்பித்துவரும் என்னிடம் பெற்றோர் அடிக்கடி கேட்பது, பிள்ளை மெலிந்திருப்பதால்தான் குரல் எழும்பவில்லையோ என்பதாகும். "கொஞ்சம் உடம்பு வைச்சால் குரல் தானாத் திறக்கும், என்ன ரீச்சர்?" என்றார் ஒரு தாயார். கச்சேரி மேடைகளில் பருத்த உடலையும் கனத்த குரலையும் சேர்த்துக் கண்டதால் வளர்ந்த நம்பிக்கை இது. மெலிந்த வித்துவான்களை ஏனோ எவரும் கணக்கில் எடுப்பதில்லை.

குரலின் சுருதியைத் தீர்மானிப்பவை குரல்நாண்களின் நீளமும் தடிப்பும் இழுவிசையுமே. உடலின் நிறை குறுக்கிடும் இடம் மூச்சு. மூச்சை உள்ளிழுக்கும்போது, நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் தசையான பிரிமென்றகடு கீழிறங்கி வயிற்றுறுப்புகளை முன்னே தள்ளுகிறது. வயிற்றில் கொழுப்பு மிகுந்தால் அந்த இறக்கம் தடைப்பட்டு, ஒரே சுரத்தை நீட்டிப்பிடிக்கும் கார்வையைத் தாங்கவேண்டிய காற்று முன்னதாகவே தீர்ந்துவிடலாம். பட்டினி கிடந்து மெலிந்தாலோ கொழுப்போடு தசையும் கரைந்து, வெளிமூச்சை அடக்கியாளும் விலா, வயிற்றுத் தசைகள் வலுவிழக்கின்றன. நிறை பார்க்கும் கருவி, குறைந்தது கொழுப்பா தசையா என்று சொல்லாது. ஒபேராப் பாடகி மரியா காலஸ் 1950களில் பெருமளவு மெலிந்ததுதான் பின்னாளில் அவர் குரல் தளரக் காரணமா என்ற வாதம் இன்னும் தீர்ந்தபாடில்லை.

ஆயினும் என் வகுப்பில் நான் பெரும்பாலும் காண்பது காலைப் பசியையே. வெறுந்தேநீருடன் வந்து, 'ஆ' என்ற ஒலியிலேயே சுரங்களைப் பாடிப் பழகும் அகாரசாதகம் செய்யும் பிள்ளை, வர்ணம் என்னும் உருப்படியை இரட்டை வேகத்தில் பாடும் இரண்டாம் காலத்துக்குள்ளேயே சுருதியிலிருந்து இறங்கத் தொடங்குவாள். சிலரின் களைப்புக்கு இரும்புச்சத்துக் குறைபாடே காரணமென்று மருத்துவப் பரிசோதனையில் தெரியவந்தது. முருங்கையிலை வறை நல்லதுதான். அதிலுள்ள இரும்பு உடலில் சேரத் தேசிக்காய்ப்புளி உதவும், சாப்பாட்டோடு குடிக்கும் தேநீரோ அதைத் தடுக்கும். கந்தசஷ்டியில் உபவாசமிருந்தபடியே கோயிலில் பாடுவோரிடம் விரதத்தை விடச்சொல்ல எனக்குத் துணிவில்லை. தண்ணீர் குடிக்கலாமென்றால் தாராளமாகக் குடிக்கும்படி மட்டும் சொல்வேன். குடித்த நீர் குரல்நாண்களைத் தொடாமல் உணவுக்குழாய் வழியே சென்று, இரத்தத்தில் கலந்த பின்பே அவற்றை ஈரப்படுத்துவதால், மேடையேறுமுன் விழுங்கும் ஒரு மிடறு தொண்டைக்கு ஆறுதலேயன்றி வேறில்லை.

சனிக்கிழமைக் காலை வகுப்பை இப்போது பிந்தியே தொடங்குகிறேன். அவித்த பயறோ கடலையோ சாப்பிட்டுச் சற்று ஆறிய பின்புதான் சாதகம். நிறைந்த வயிற்றின் மேல் பிரிமென்றகடு இறங்க இடமிராது என்பதால், பிள்ளைகள் முணுமுணுத்தாலும் அந்த இடைவெளியை நான் விட்டுக்கொடுப்பதில்லை.