டாஃபி நொதியின் முப்பரிமாண மாதிரி: மூன்றாவது முறை அச்செடுத்ததில் மடல் ஆடுகிறது

ரத்தக்கட்டி கரையும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் நொதி டாஃபி (TAFI). கட்டியைப் பின்னியிருக்கும் ஃபைப்ரின் இழைகளின் நுனியில் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தை இது நறுக்கிவிட்டால், கட்டியைக் கரைக்கும் நொதியின் முன்வடிவமான பிளாஸ்மினோஜன் பற்றிக்கொள்ள இடம் குறைந்து கட்டி மெதுவாகக் கரையும். முப்பரிமாண அச்சுப்பொறியில் (3D printer) அச்செடுத்தது மனித டாஃபியின் படிக அமைப்பு: புரதத் தரவு வங்கியில் அதன் அடையாளக் குறி 3டி66 (3D66), ஆண்டு 2008. மூலக்கூறை வரைந்து அச்சுக்கோப்பாகச் சேமிக்கும் மென்பொருள் கைமேராஎக்ஸ் (ChimeraX).

மாதிரியைத் துண்டுகளாக வெட்டுவதற்கு முன் அமினோ அமிலங்களின் எண் வரிசையைச் சரிபாருங்கள். துத்தநாக அயனியைப் பிடித்திருப்பவை ஹிஸ்டிடின் 159, குளுட்டமேட் 162, ஹிஸ்டிடின் 288. முதல் ஹிஸ்டிடின் 181 என்று காட்டினால் சமிக்ஞைப் பகுதியின் (புரதம் செல்லைவிட்டு வெளியேறும்போது கழன்றுவிடும் தொடக்கத் துண்டு) 22 அமினோ அமிலங்களும் சேர்ந்திருக்கின்றன. இங்கே வரும் எல்லா அமினோ அமில எண்ணுக்கும் 22 கூட்டிக்கொள்ளுங்கள்.

முதல் அச்சு: 200% அளவு, அதாவது ஓர் ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) அச்சில் 2 மி.மீ. மாதிரி பெரிய தேங்காய் அளவு வரும். புரதச் சங்கிலியைக் காட்டும் நாடாவான ரிப்பனின் இயல்புத் தடிமன் 0.4 ஆங்ஸ்ட்ராம், அச்சில் வெறும் 0.8 மி.மீ. அச்செடுக்கையில் தாங்கி நிற்கும் சப்போர்ட்டைப் பிரிக்கும்போதே பொடிப்பொடி.

இரண்டாவது: ரிப்பன் தடிமன் 1.5 ஆங்ஸ்ட்ராம், கூடவே ஹைட்ரஜன் பிணைப்புகள் 0.4 ஆங்ஸ்ட்ராம் ஆரத்தில் தாங்குகம்பிகளாக. பிணைப்புகள் இயல்பாகப் புள்ளிக்கோடாக வரும். அப்படியே சேமித்தால் துண்டு துண்டாக அந்தரத்தில் நிற்கும். டேஷ் எண்ணிக்கையைச் சுழியமாக்கினால் முழுக்கம்பி. உறுதியாகத்தான் வந்தது, ஆனால் அது டாஃபி இல்லை. இந்த நொதியின் விசேஷமே 296 முதல் 350 வரையுள்ள மடல் நிலைகொள்ளாமல் ஆடுவதுதான். 1–92 முன்பகுதி ஒட்டியிருக்கும்வரை மடல் அடங்கிக் கிடக்கும். ரத்தத்தை உறையவைக்கும் நொதியான த்ராம்பின் 92-க்கும் 93-க்கும் நடுவே வெட்டி முன்பகுதி விலகியதும் மடல் தளர்ந்து, நொதி தானே செயலிழக்கிறது. 37 டிகிரியில் பாதி செயல் போக, 325-ஆம் இடத்தில் த்ரியோனின் இருந்தால் சுமார் 8 நிமிடம், ஐசோலூசின் இருந்தால் 15.

மூன்றாவது: உடல் பி.எல்.ஏ. (விறைப்பான அச்சு பிளாஸ்டிக்), மடல் மட்டும் டி.பி.யு. 95ஏ (ரப்பர் போல வளையும் பிளாஸ்டிக்). உடல், மடல், முன்பகுதி மூன்றையும் நகர்த்தாமல், ஒரே ஆயத்தொலைவில் தனித்தனியாகச் சேமிக்க வேண்டும். டி.பி.யு.வை 50 டிகிரியில் 5 மணி நேரம் உலர்த்தி, நொடிக்கு 20 மி.மீ. வேகத்தில் ஓட்டினால் நூல் இழுக்காது. மடலுக்கு 1.5 ஆங்ஸ்ட்ராம் தடிமன் போட்டபோது ரப்பர் செருப்பு மாதிரி விறைத்து நின்றது; 0.8 ஆங்ஸ்ட்ராம் சரி. மடலுக்கும் உடலுக்கும் இடையிலான தாங்குகம்பிகளை நீக்கிவிடுங்கள். தனித்தனியாக அச்செடுத்த துண்டுகள் தாமாக ஒட்டாது. உடலின் முனைகளில் 1.8 மி.மீ. துளை போட்டு, 1.75 மி.மீ. பிலமென்ட் (அச்சுப்பொறிக்கு ஊட்டும் பிளாஸ்டிக் இழை) துண்டையே ஆணியாகச் செருகினோம். மடலின் முனையை மட்டும் தடிமனாக விட்டால் அதிலும் துளை பிடிக்கும். முன்பகுதி 3 மி.மீ. காந்தங்களில் நிற்கிறது, கழற்றினால் மடல் தொங்கி ஆடும்.

துத்தநாகத்துக்கு பம்ப்செட் பட்டறையில் கழித்த பேரிங் குண்டு. கோயமுத்தூரில் அதற்கா பஞ்சம்! ஈரோட்டு சித்திரை வெயிலில் காருக்குள் மட்டும் வைக்காதீர்கள், பி.எல்.ஏ. 60 டிகிரியிலேயே குழையும்.

பாக்கி: முன்பகுதியில் 22, 51, 63, 86-ஆம் அஸ்பராஜின்களில் தொங்கும் சர்க்கரைச் சங்கிலிகள். திருப்பூர் பனியன் கழிவு நூலை முடிச்சுப் போட்டுக் கட்டிப் பார்க்கிறோம்.