மூன்று முறை திரும்பி வந்த பச்சை வரைபடம்

எங்கள் மனைப்பிரிவின் பூங்காத் திட்டத்துக்கு அனுமதி கேட்டுக் கொடுத்த ஃபைலை முதல் முறை திருப்பிக் கொடுத்தபோது, அலுவலக கிளார்க் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "காண்டூர் ஷீட் இல்லை." அவ்வளவுதான். மூன்று வாரம் முன்னால் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்து வாங்கி வைத்தவரும் அவரேதான். சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் 'நில வரைபடம்' என்று மட்டும் இருந்தது. மேடு பள்ளம் காட்டும் வரைபடம் தனியாக வேண்டும் என்பதை நாங்கள் ஜோசியம் பார்த்தா தெரிந்துகொள்வது?

18 ஏக்கர் புது மனைப்பிரிவு. வீடு பதிவு செய்தவர்கள் சேர்ந்து சங்கம் தொடங்கியதும், பூங்கா, நடைபாதை, திறந்தவெளி எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதியதெல்லாம் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. அதன்பின் பதினான்கு மாதம் அலைச்சல்.

அந்த காண்டூர் ஷீட் வந்த பிறகுதான் எனக்கே விஷயம் புரிந்தது. கிளார்க் மேல் இருந்த கோபம் பாதி குறைந்தது என்றும் சொல்ல வேண்டும். பெரிய பூங்கா என்று பச்சை அடித்திருந்த இடம்தான் மொத்த நிலத்திலும் தாழ்ந்த மூலை. மனையாக விற்காது என்பதால் பூங்காவாக்கிவிட்டார்கள். சுற்றியுள்ள கூரை, சாலைத் தண்ணீர் எல்லாம் அங்கேதான் இறங்கும். சறுக்கு மரமும் ஊஞ்சலும் நடுப்பள்ளத்தில்! விளையாட்டுச் சாமான்களை மேட்டுக்கு மாற்றினோம். பள்ளத்தை மழைநீர் தங்கி வடியும் புல்வெளியாகவே விட்டோம். கரை மட்டும் 4 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல் இறங்கக் கூடாது என்று எழுதி வாங்கினோம். அதைவிடச் செங்குத்தானால் புல் வெட்டும் இயந்திரம் ஏறாது, குழந்தை உருண்டால் நிற்காது.

இரண்டாவது முறை விழுந்த அடிதான் பெரிய அடி. காகிதத்தில் திறந்தவெளி 2.1 ஏக்கர். அதில் அரை ஏக்கர் உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழே ஓடும் பட்டை. அதிகாரி சிவப்புப் பேனாவால் ஒரே கோடு. அடுத்து, மதில்களுக்குப் பின்னால் கிடந்த முக்கோணத் துண்டுகள் ஏழு. தையல்காரர் வெட்டி எறிந்த துணி மாதிரி இருக்கும் ஒவ்வொன்றும். அவையும் போச்சு. மிஞ்சியது 1.3 ஏக்கர். பத்தில் ஒரு பங்கு காட்ட வேண்டும், அதாவது 1.8.

மனை போட்டவர் கொதித்துவிட்டார். "பத்து சதவீதமா? இதெல்லாம் இப்ப வந்த ஃபேஷன் சார்." 1929-லேயே அமெரிக்க நகரத் திட்டமிடுநர் கிளாரன்ஸ் பெர்ரி, ஒரு வட்டாரத்தையே ஓர் அலகாக வகுக்கும் தன் குடியிருப்பு அலகுத் திட்டத்தில் பூங்காவுக்கு ஏறக்குறைய அதே பத்து சதவீதத்தைத்தான் சொன்னார் என்றேன். அவர் மசியவில்லை. அதே ஆண்டு தொடங்கிய அமெரிக்காவின் ராட்பர்ன் குடியிருப்பில் வீடுகளின் முகத்தையே பூங்கா பக்கம் திருப்பிக் கட்டினார்கள் என்று படம் காட்டினேன். அப்போதுதான் கண்ணில் ஒரு வெளிச்சம். பூங்காவைப் பார்த்த வீடு முதலில் விற்கும் என்ற கணக்கு அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். வடிகாலுக்கு அந்தப் பக்கம் ஆறு மனை தருகிறேன் என்று ஆரம்பித்தவர், நான்கு கூட்டத்துக்குப் பின் நடுவில் ஆறு மனை கொடுத்தார். இந்தப் பதினான்கு மாதத்தில் நான் மார்தட்டிக்கொள்ள இது ஒன்றுதான். மின்கம்பிப் பட்டையையும் விட்டுவிடவில்லை. உயர மரம் வைக்கக் கூடாது, அவ்வளவுதானே. குட்டைப் புதர் வைத்து நடைபாதை அதன் வழியே போகிறது. கணக்கில் வராது, காலுக்கு உதவும்.

இன்னொரு ஏமாற்று, காம்பஸ் வட்டம். பூங்காவைச் சுற்றி 400 மீட்டருக்கு வட்டம் போட்டு, எல்லா வீட்டிலிருந்தும் ஐந்து நிமிட நடை என்று காட்டுவார்கள். நான் கடைசித் தெருவிலிருந்து நடந்தே பார்த்தேன். வரைபடத்தில் நேர்கோடாக 300 மீட்டர், காலால் 750. நடுவில் முழு வரிசை மதில். இரண்டு மனைகளுக்கு இடையே 3 மீட்டர் சந்து ஒன்றைத் திறக்க வைத்தோம். உங்கள் திட்டத்தில் வட்டம் இருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

நடைபாதையின் ஒரு துண்டு மேட்டில் நேராக ஏறியது, எட்டு சதவீதச் சரிவு. குழுவில் சக்கர நாற்காலியில் வரும் பெரியவர் ஒருவர் இருந்தார். "தம்பி, இதில் நான் ஏற வேண்டாம், நீங்கள் என்னைத் தள்ளிப் பாருங்கள்" என்றார். தள்ளினேன். பாதி வழியில் மூச்சு வாங்கியது. 20 மீட்டருக்கு 1 மீட்டருக்கு மேல், அதாவது ஐந்து சதவீதத்துக்கு மேல் ஏறினால் அது பாதையல்ல, சாய்தளம். கைப்பிடி, இடையிடையே சமதளம் எல்லாம் கேட்கும். வளைத்துக் கொண்டுபோனோம், 60 மீட்டர் கூடியது. அகலமும் 1.5 மீட்டர்தான் போட்டிருந்தார்கள். இரண்டு நாற்காலி உரசாமல் விலக அது போதும், சைக்கிளும் வந்தால் போதாது. முதன்மைப் பாதையை 3 மீட்டராக்கினோம்.

மூன்றாவது முறை ஒரே கேள்வி: "பராமரிப்பது யார்?" தண்ணீர், விளக்கு, புல், குப்பை, யார் பணம்? எங்களிடம் பதில் இல்லை. பராமரிப்பு ஒப்பந்தம் எழுத உட்கார்ந்தபோதுதான் திட்டத்தில் இருந்த செயற்கை நீரூற்று தானாகக் காணாமல் போனது. அனுமதியும் வந்தது.

அதோடு முடிந்தது என்று நினைத்தது என் தப்பு. வீடு கட்டும் மாதங்களில் கான்கிரீட் லாரிகள் எல்லாம் நின்றது பூங்கா நிலத்தில். மேல்மண்ணை வழித்துக் கொண்டுபோய்விட்டார்கள். நட்ட கன்றுகளில் பாதிக்கு மேல் பட்டுப்போயின. ஒரு குழி வெட்டித் தண்ணீர் ஊற்றினால் மறுநாள் காலையிலும் அப்படியே நிற்கிறது. மண் தரையல்ல, சாலை! ஆழமாகக் கிளறி, வெளியிலிருந்து மண் கொட்டி, மறுபடி நட்டோம். முதல் லாரி வருவதற்கு முன்னால் வேலி போடுங்கள், வழித்த மேல்மண்ணைத் தனியே குவித்து வைக்கச் சொல்லி எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் லாரி டிரைவரிடம் போய்ச் சேராது.

நடுப் பூங்காவில் குறுக்குப் பாதை மட்டும் இன்னும் கல் பதிக்கவில்லை. வேண்டுமென்றேதான். ஆறு மாதம் விட்டுப் பார்த்தோம். வரைபடத்தில் இருந்த அழகான வளைவை யாரும் சீண்டவில்லை. பள்ளி வேன் நிற்கும் இடத்திலிருந்து புல்லைத் தேய்த்துக்கொண்டு நேர்கோடாக ஒரு தடம் விழுந்திருக்கிறது. அடுத்த வாரம் அதன்மேல் கல் பதிக்கிறோம்.